இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

நாகசே ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் தொண்ணூறாம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய மல்யுத்த சாம்பியன் பட்டப் போட்டி பதினோரு வருடம் நடந்தது. அதில் முதல் அரை மணி நேரம்தான் அடிதடி. அதன்பிறகு நடுவர் வாகுய் குப்புறப் படுத்து, ரிங் தரையில் ஒன்று அறைந்து, இரண்டு அறைந்து, மூன்றாவது அறைக்காகக் கையை இறக்கினார். அந்தக் கை தரைக்கு நான்கு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. கைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தவர் சாம்பியன் ‘இடி’ அரிசாவா. அவர்மேல் குறுக்கே விழுந்து அமுக்கிக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர்க்காரர் கமேயாமா கின்ஜி. இருபது வருடத்துக்கு மேல் ரிங்கில் உதைபட்டும் ஒரு பட்டத்தைக்கூடத் தொட்டுப் பார்க்காத மனிதர். மருத்துவர் வந்து மூவரின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். நாடி இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் இருப்பதாகவும், கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று அறை விழும்வரை கீழே கிடப்பவரின் தோள் எழாவிட்டால் அவருக்குத் தோல்வி. நடுவர் தரையில் அறையும்போது கூட்டமும் சேர்ந்து எண்ணுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஒன்று என்று கூடமே அதிர்ந்தது. இரண்டு என்றபோது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மூன்றுக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. கின்ஜி ஜெயிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அரிசாவா அவ்வளவு தூரம் ரயிலேறி வந்த விருந்தாளி. அவர் தோல்வியை முதல் ஆளாகக் கத்தினால் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைப்பார்? பக்கத்து நாற்காலிக்காரர் கத்தட்டும், கூடவே நாமும் கத்திக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். இரண்டாயிரம் பேரும் அவரவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கை நின்றுபோனது. வேறு ஊராக இருந்தால் இது நடந்திருக்காது.

போட்டியை நடத்திய மல்யுத்தக் கம்பெனியின் மேலாளர் ஊர்க்காரர்களைக் கூட்டி, ஒரே ஒரு முறை மூன்று சொல்லும்படி குனிந்து வணங்கிக் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று நாங்களும் குனிந்து வணங்கினோம். எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். நீங்களே சொல்லிவிடலாமே என்று யாரோ கேட்டபோது மனிதர் வெலவெலத்துப் போனார். கம்பெனியே மூன்று சொன்னால், போட்டியின் முடிவைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது என்று ஊர் பேசும். அந்தப் பழியைச் சுமக்க அவர் தயாராக இல்லை. ரிங்கை அப்படியே விட்டுவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்தார்.

மற்றபடி வாழ்க்கை நடந்தது. ரிங்கைச் சுற்றி நின்று பெரியவர்கள் காலையில் வானொலி இசைக்கு உடற்பயிற்சி செய்தார்கள். பெண்களின் கைப்பந்து வலை கொஞ்சம் ஓரமாக நகர்ந்தது. மேயர் தேர்தலுக்கு வாக்குப்பெட்டியை ரிங்கின் மூலையில் வைத்தார்கள். நடுவர் இருக்கும் இடம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. துப்புரவுக்காரப் பெண் வாரம் ஒருமுறை மூவரையும் இறகுத் துடைப்பத்தால் தட்டுவாள். கோடையில் ஒரு கொசுவர்த்தியும் குளிர்காலத்தில் ஒரு எண்ணெய் அடுப்பும் நகராட்சிச் செலவில் வந்தன.

கூடத்துக்கு எதிரே ஓதென் கடை வைத்திருந்தவர் கின்ஜியின் மனைவி மிசுயே. முள்ளங்கியும் முட்டையும் மீன்சாறில் கொதிக்கும் பானைக்கு முன்னால் பதினோரு வருடமும் அவர் நின்றார். மல்யுத்த ரசிகர்கள் எல்லோருக்கும் அதுதான் கூடுமிடம். அவர்களில் இரண்டு கட்சி. முடிவெட்டும் தோபிதா கைக் கட்சிக்குத் தலைவர். கை இறங்கிக்கொண்டிருக்கிறது, கின்ஜிதான் சாம்பியன் என்பது அவர் வாதம். தோஃபு விற்கும் குரெமத்சு தோள் கட்சி. அரிசாவாவின் இடது தோள் மயிரிழை தூரம் எழுந்திருக்கிறது, போட்டி தொடரும் என்பான்.

“தோளாம் தோள்! வாராவாரம் போய்ப் பாத்துட்டு வர்றேன். அது தூக்கற தோளாடா?”

“அண்ணே, முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க. போன வாரம் என் காதையும் சேத்துல்ல வெட்டப் பாத்தீங்க!”

“காது உனக்கு எதுக்கு? சொன்னா கேக்கவா போறே?”

“சரி விடுங்க. ஆட்டம் எப்படி? இந்த வருஷம் கொஞ்சம் தொய்வுதான், இல்ல?”

“தொய்வா? இதுதான்டா பக்குவம். சின்னப் பசங்க மாதிரி சும்மா குதிச்சிட்டே இருக்கணுமா?”

அடுத்த பட்டப் போட்டி எங்கே, யாருக்கும் யாருக்கும் என்று பேசாத நாள் கிடையாது. கின்ஜி ஜெயித்தால் யார் யார் சவால் விடுவார்கள் என்று தோபிதா நாலு வருடத்துக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார். அந்த ஆட்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆனால் உரக்க மூன்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. குளியல் தொட்டிக்குள் சொல்லிப் பழகியதாகவும், கூடத்துக்குப் போனால் கைப்பந்து ஆடும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருப்பதாகவும் சொன்னார்.

மிசுயே மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. அவருக்குக் கூச்சமும் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் கின்ஜி அவரிடம் சொல்லியிருந்தார்: “தோத்துட்டா இதோட போதும். கடையில உன்கூடவே நின்னுடறேன். ஜெயிச்சா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, பட்டத்த இடுப்புல கட்டிக்கிட்டு ஊர் ஊரா போய்த்தான் ஆகணும்.” கல்யாணமான நாளிலிருந்து கம்பெனி பேருந்தின் பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்து மிசுயேவுக்குச் சலித்திருந்தது. புருஷன் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை வெளியே சொல்ல முடியாது. எனவே அரிசாவா தோளைத் தூக்கட்டும் என்று பதினோரு வருடம் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். எதிரே கதவைத் திறந்தால் புருஷன் இருந்தார், வீட்டுக்கு வராத புருஷன். அதுவும் ஒரு வாழ்க்கை என்று பழகிக்கொண்டார்.

அப்புறம் கம்பெனி ஒரு சுவரொட்டி ஒட்டியது. இந்த வருடக் கடைசியோடு நாகசே போட்டி செல்லாது. ஜனவரியில் செண்டாய் நகரில், புதிய பட்டத்துக்கு இரண்டு இளைஞர்கள் மோதுவார்கள். அன்று மதியமே கடையில் பேச்சு செண்டாய்க்கு ரயிலேறிவிட்டது. கைக் கட்சியும் தோள் கட்சியும் ஒரே தட்டில் முட்டை தின்றன.

“சுவரொட்டில இருக்கற அந்தச் செவத்த முடிப் பையன்தான் அண்ணே. காலு ரெண்டும் தூண் மாதிரி.”

“அவனேதான். நானும் அவன் பக்கம்தான்.”

“அப்போ நம்ம கின்ஜி?”

“விடு, பாவம். கை இறங்கி இருந்தாலும் ஒரு மாசம் தாங்கி இருக்க மாட்டான். எப்பவுமே தோக்கற ஆளுதானே.”

சொன்னவர் தோபிதா. யார் கடையில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதையே மறந்துபோயிருந்தார்.

மிசுயே அடுப்பை அணைத்தார். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். தெருவைக் கடந்து கூடத்து வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு, கைப்பந்து ஆடிய பெண்களிடம் தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி வணங்கிவிட்டு, ரிங்கின் ஓரத்துக்குப் போனார். கின்ஜியின் நெற்றியில் பதினோரு வருட வியர்வைத் துளி ஒன்று விழாமல் நின்றது. அந்த முகத்தில் எவ்வளவு ஆசை இருந்தது என்பதை மிசுயே அன்றுதான் பக்கத்தில் பார்த்தார். அழுகை வந்தது.

“போயிட்டு வாங்க,” என்றார். பிறகு கூடமே அதிரக் கத்தினார்: “மூணு!”

கை விழுந்தது. அறை பலமாகக் கேட்டது. பெண்கள் பந்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நடுவர் எழுந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அரிசாவா மறுபோட்டி வேண்டும் என்று கர்ஜித்தார். கின்ஜி முழங்காலில் எழுந்து மூச்சு வாங்கியபடி மனைவியைப் பார்த்தார்.

“ஜெயிச்சிட்டேனா?”

“ஜெயிச்சிட்டீங்க.”

“உனக்கு எப்போ முடி நரைச்சுது?”

“இப்பத்தான். எண்ணிக்கை ரெண்டுல இருந்தப்போ.”

செய்தி கேட்டு ஓடிவந்த தோபிதா, ஆட்டம் பிரமாதம், முடிவைத்தான் கொஞ்சம் அவசரப்பட்டு முடித்துவிட்டார்கள் என்று அபிப்பிராயம் சொன்னார். குரெமத்சுவும் முதல் தடவையாக அதை ஒப்புக்கொண்டான். கம்பெனிக்குச் செண்டாயில் அரங்கு ஏற்கனவே பேசி முடித்தாகிவிட்டது. எனவே புதிய பட்டத்தைக் கைவிட்டு, சிவப்பு முடிப் பையனைக் கின்ஜிக்கு எதிராக நிறுத்தினார்கள். திங்கட்கிழமை காலையில் பேருந்து வந்தது. மிசுயே சோற்று உருண்டை கட்டிக் கொடுத்து, அதன் பின்பக்கம் மறையும் வரை நின்றார்.

ஜனவரியில் அவர் கடையைப் பூட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு செண்டாய்க்குப் போனார். ரிங்கை ஒட்டிய நாற்காலி. கின்ஜி அன்று நன்றாகவே ஆடினார். பையனைச் சாம்பியன் மாதிரியே போட்டு மிதித்தார். கடைசியில் பையன் அவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்து அமுக்கினான். ஒன்று என்றது கூட்டம். இரண்டு என்றது. நடுவரின் கை இறங்குவதற்கு முன்பே, அத்தனை குரல்களுக்கும் மேலே, ஒரு பெண் எழுந்து நின்று “மூணு!” என்று கத்தினாள். கின்ஜியின் தோள் எழத் தொடங்கியிருந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் கண்ணை மூடி, தோளைத் திரும்பத் தரையில் வைத்தார்.

இப்போது கடையில் முள்ளங்கி நறுக்குவது கின்ஜிதான். போட்டிக்குப் போனபோது மனைவிக்கு ஐந்து வயது மூத்தவர். திரும்பி வந்தபோது ஆறு வயது இளையவர். ஆகையால் கனமான பானையை இனி அவர்தான் தூக்க வேண்டும் என்று மிசுயே சொல்லிவிட்டார்.