ரொட்டி வரிசையில் ஒரு வெளிநாட்டான்

கியூபாவின் கமாகுவே நகரத்தில் ஒடால்மிஸ் முப்பது வருஷம் வரலாறு கற்பித்தவள். ஓய்வூதியம் கால் வயிற்றுக்கும் காணாததால், உரிமம் வாங்கி முன்னறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். இந்த முறை வந்தவன் சிலி நாட்டு ரெனாத்தோ. பயணக் கட்டுரை எழுதுகிறவன்.

காலையில் காபி குடித்தபடியே, எழுதியதை வாசித்துக் காட்டினான். “இங்கே காலம் அப்படியே நின்றுவிட்டது. பழைய கார், பழைய வீடு, சிரித்த முகம்...”

“காலம் எங்க தம்பி நின்னுது? நிக்கிறது நாங்கதான். வா, காட்டுறேன்.”

ரேஷன் ரொட்டிக் கடையில் நாற்பது பேர் இருந்தார்கள். “கடைசி ஆள் யாரு?” என்று ஒடால்மிஸ் குரல் கொடுக்க, குடை பிடித்திருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றார்கள். வெயில் ஏறியது. கரண்ட் போய் அடுப்பு அணைந்துவிட்டதாக உள்ளிருந்து சொன்னார்கள்.

“அடுப்புக்கும் பென்ஷன் குடுத்துட்டாங்கபோல!” என்றாள் குடைக்காரி. வரிசையே சிரித்தது. ரெனாத்தோ நோட்டைத் திறந்தான்.

அரசாங்கத்துக்காகத் தெருவைக் கண்காணிக்கும் குழுவின் தலைவன் எவேலியோ வேர்க்க விறுவிறுக்க வந்தான். ஒடால்மிஸிடம் படித்தவன்தான்.

“டீச்சர், விருந்தாளியை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க பாக்க என்ன இருக்கு?”

“மியூசியம் நேத்தே பாத்தாச்சு. புரட்சி ஜெயிச்ச புதுசுல எங்கம்மா பதினாறு வயசுல மலையேறிப் போய் ஜனங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்ததையும் சொன்னேன். அதுவும் நெசம். இந்த வரிசையும் நெசம்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “உரிமம் புதுப்பிக்கிற நேரம். ஞாபகம் வெச்சுக்குங்க.”

“மிரட்டுறதுன்னா சத்தமா மிரட்டு எவேலியோ. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

எவேலியோவின் காது சிவந்தது. “கேக்குது, கேக்குது,” என்றாள் குடைக்காரி.

திரும்பும் வழியில் ரெனாத்தோ, “உங்க பேரை மாத்தி எழுதிடறேம்மா,” என்றான். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் நோட்டைப் பிடுங்கித் தன் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

“எழுத்துப்பிழை இல்லாம போடு.”

அவன் ஊர் திரும்பிய பிறகு, அவளுடைய உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை. வாரந்தோறும் உரிம அலுவலகம் போய் உட்கார்ந்து, காரணத்தை எழுத்தில் தரச் சொன்னாள். ஐந்தாவது வாரம் அதிகாரி அலுத்துக்கொண்டார்: “இன்னும் எத்தன நாள் வருவீங்க டீச்சர்?”

“விருந்தாளிதான் யாரும் இல்லையே, நேரம் நெறைய இருக்கு,” என்று அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.