மத்தியானத்து ஐராவதி

வெண்ணந்தூர்க் கீழத்தெருவில் ஒருவனைத் தவிரக் கடலையே கண்ணால் பார்த்திராத ஐம்பத்து மூன்று பேர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து, நல்ல நாள் கெட்ட நாள் பாராமல், தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பர்மாவுக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலோ டிக்கெட்டோ வேண்டியிருக்கவில்லை. கூழைக் குடித்துவிட்டுத் தறிக்குழி ஓரமாகத் தலையைச் சாய்த்தால் போதும், கண் மூடியதும் ஐராவதி ஆற்றங்கரையில் ஞாங்பின் என்கிற சின்னத் துறையூரில் நிற்பார்கள். எழுந்திருக்கும்போது கால்விரல் இடுக்கில் ஆற்று வண்டல் ஒட்டியிருக்கும். பெண்களின் கன்னத்தில், அந்த ஊர்க்காரிகள் அரைத்துப் பூசுகிற மரப்பட்டைச் சாந்து மணக்கும். முதல் வாரம் தெருவே கதிகலங்கிப் போயிற்று. இரண்டாம் வாரம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து, கால் கழுவ ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாகச் செலவாகிறதே என்பதைத் தவிர யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் மூலம் நெசவுக்காரக் கைலாசம் கூட்டிவந்த பெண்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கைலாசம் இருபது வயதில் கைலி மூட்டையோடு ரங்கூனுக்குப் போய், படகு படகாக ஏறி ஆற்றங்கரை ஊர்களில் விற்றுக்கொண்டிருந்தவன். ஞாங்பின்னில் ஒரு வீட்டு வாசலில் கைலியை விரித்துக் காட்டப் போய், அந்த வீட்டுப் பெண் மா சேனைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஆறு வருஷம் இருந்துவிட்டான். ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஊரெல்லாம் காட்டுவழியே நடந்தது, இவர்களும் நடந்தார்கள். அவளுடைய அம்மா மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா என்றாளாம். மூன்றரை மாதம் நடந்து, ரயில் பிடித்து, வெண்ணந்தூர் வந்து இறங்கியபோது மா சேன் விறகுக்குச்சி மாதிரி இருந்தாள். எட்டு நாள் கண்ணை மூடவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் தறிக்குழியின் குளிர்ச்சியில் அசந்து தூங்கினாள். அவள் கனவில் வரவேண்டிய ஊர், அவளை விட்டுவிட்டுத் தெருவில் தூங்கிய மற்ற எல்லாருக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கனவு என்று ஒன்று வரவே இல்லை.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் அவளுக்குச் சௌந்திரம் என்று பேர் வைத்தாள். அங்கம்மாள் வாய்க்காரி. அவள் பேசினால் தறிச் சத்தம் கேட்காது, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். மத்தியானம் மூன்று மணிக்குத் தெரு கண் விழிக்கும்போது சௌந்திரம் வீடு வீடாகப் போய் நிற்பாள். அம்மா என்ன செய்தாள், சாப்பிட்டாளா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்கள். இன்றைக்குச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், இன்றைக்கு மீன்காரியோடு சண்டை, இன்றைக்கு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் தெருவே இருமிக்கொண்டு எழுந்தது. எல்லார் மூக்கிலும் புகைக் கரி. சௌந்திரம் அங்கம்மாள் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்காங்க சாமி, உசுரோட இருக்காங்க. கெழக்கால கொட்டாய் மட்டுந்தான் எரிஞ்சு போச்சு. நானும் சாயக்காரத் தங்கமுத்தண்ணனும் ரண்டு கொடம் தண்ணி ஊத்துனோம்" என்றாள் அங்கம்மாள். சௌந்திரம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அங்கம்மாளும் சேர்ந்து அழுதாள். பிறகு இருவரும் எழுந்து தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடப் போனார்கள்.

போகப் போக இன்னொன்றும் நடந்தது. சௌந்திரத்துக்கு அந்த ஊர் ஞாபகத்திலிருந்தும் உதிர ஆரம்பித்தது. முதலில் தெருக்கள் போயின, பிறகு பாஷை போயிற்று, கடைசியில் அம்மாவின் முகமும் போயிற்று. போன இடத்திலெல்லாம் வெண்ணந்தூர் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சாயம் ஒட்டும், எந்தக் கொழுந்தனுக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, செல்லியம்மாளுக்கு எத்தனையாவது பிரசவத்தில் ஜன்னி கண்டது என்பதெல்லாம் ஊரில் பிறந்தவர்களைவிட அவளுக்கே சுத்தமாகத் தெரிந்தது. நாற்பத்து மூன்றில் பிறந்த அவள் மகள் ராஜம்மாள், மத்தியானங்களில் ஞாங்பின்னில் அம்மாவைப் பெற்ற அம்மாயி மடியில் விளையாடிவிட்டு வந்து பர்மியப் பாஷையில் கதை சொல்வாள். தாய்க்காரிக்கு ஒரு வார்த்தை விளங்காது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு அர்த்தம் கேட்டுக்கொள்வாள்.

நாற்பத்தெட்டாம் வருஷம் தை பிறப்பதற்கு முன்பே பர்மா தனிநாடு ஆனது. ஆடி மாதம் சேலத்திலிருந்து கடுதாசி வந்தது: கைலாசம் சம்சாரம், வெளிநாட்டில் பிறந்த மா சேன் என்கிற சௌந்திரம், அன்னியரா இந்நாட்டவரா என்று விசாரித்து முடிவு செய்யப்படும், இன்ன தேதியில் அதிகாரி வெண்ணந்தூர்ச் சாவடியில் முகாம் போடுகிறார், சாட்சிகளோடு ஆஜராக வேண்டும். அன்னியர் என்று எழுதிவிட்டால் கப்பலேற்றி விடுவார்கள் என்று சந்தையில் பேச்சு. குழந்தை இங்கே பிறந்ததால் அது தகப்பனோடு நிற்கும், தாய் மட்டும்தான் போகவேண்டும் என்றும் பேச்சு. கைலாசம் இரண்டு நாள் தறியில் உட்காரவில்லை. சௌந்திரம் ராஜம்மாளுக்குத் தலை பின்னுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, பின்னுவதும் அவிழ்ப்பதும் மறுபடி பின்னுவதுமாக இருந்தாள். அறியாத ஊருக்குத் தன்னை அனுப்பப் போகிறார்களே என்று அவளுக்குப் பயம்.

அங்கம்மாள் தெருவைக் கூட்டினாள். பர்மா என்ற பேச்சையே ஒருத்தரும் எடுக்கக் கூடாது, கேட்டால் கிழக்கா மேற்கா என்றே தெரியாது என்று சொல்லிவிட வேண்டும், சௌந்திரம் எங்கள் பிள்ளை, அவ்வளவுதான். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நெசவுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழியோடு போகிறவன் தோளில் கிடக்கிற துண்டில் ஓர் இழை தப்பியிருந்தால்கூட, நிறுத்திச் சொல்லாமல் விடமாட்டார்கள். தப்பைக் கண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அவர்களுக்கு வயிற்றுவலி மாதிரி. இதை அங்கம்மாள் யோசிக்கவில்லை.

அதிகாரியின் பெயர் தண்டாயுதபாணி. கோடு போட்ட தாளும் மைக்கூடுமாக வந்தவர், ஒன்பது வருஷம் பர்மாவிலேயே குமாஸ்தாவாக இருந்தவர் என்பது சாவடியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் ஞாங்பின்னுக்கு மாதம் ஒரு தரம் போய்வந்தவராம். கைலாசத்தின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி முதலில் வெண்ணந்தூரைப் பற்றிக் கேட்டார். சௌந்திரம் தங்குதடையில்லாமல் சொன்னாள். ஊரின் நாலு எல்லையையும், சந்தை நாளையும், ஏரி உடைந்த வருஷத்தையும் சொன்னாள். மணியக்காரர் சொல்லித் திணறிய வாய்க்கால் பெயரையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவர் ஞாங்பின்னைப் பற்றிக் கேட்டார். துறையில் எத்தனை படி? தெரியாதுங்க. கோயில் துறைக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? ஞாபகமில்லைங்க. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பிறந்து வளர்ந்த ஊர் தெரியாது என்றால் யாரம்மா நம்புவார்கள்? மறைத்தால் உனக்குத்தான் கெடுதல். துறையில் பதினாறு படி. நானே எண்ணியிருக்கிறேன்" என்றார்.

சாவடியில் ஐம்பத்து மூன்று பேர் நெளிந்தார்கள். சாயக்காரத் தங்கமுத்துவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"பதினேழுங்க. அடிப்படி தண்ணிக்குள்ள கெடக்குதுங்க. தை மாசம் ஆறு வத்துனாத்தான் தெரியும்."

அங்கம்மாள் அவர் விலாவில் குத்தினாள். பிரயோசனமில்லை, பாவு அறுந்தாயிற்று. அதிகாரி தோணிக்காரன் பெயரைச் சொன்னார். அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சுங்க, இப்ப மகன்தான் தள்ளுறான் என்று பின்னாலிருந்து ஒருவர் திருத்தினார். கோயில் மணி இரண்டு என்றார். மூணுங்க, ஒண்ணு விரிசல் என்றது இன்னொரு குரல். டீக்கடை வாசலில் ஒரு பெரிய வேப்பமரம் நிற்குமே என்று அதிகாரி சொன்னபோது, அதுவரை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்த அங்கம்மாளே எழுந்துவிட்டாள்.

"அது வேம்பு இல்லீங்க, வாகை! அதுவும் குண்டு விழுந்து சாஞ்சு போச்சு. அந்த டீக்கடைக்காரன் இப்ப அதுலதான் பெஞ்சி பண்ணிப் போட்டிருக்கான். நீங்க போயி ரொம்ப நாளாச்சாட்ட இருக்குது!"

அந்த வாகை நிழலில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் டீ குடித்தவர் தண்டாயுதபாணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார். சாயங்காலம் வரை எழுதினார். இவர்கள் சொன்னதில் ஒன்றுக்கொன்று முரண் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. கைலாசம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கெடுத்துவிட்டோமே, பிள்ளையைக் கெடுத்துவிட்டோமே என்று அங்கம்மாள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. அந்த நாட்டில் உனக்கு யாராவது இருக்கிறார்களா? இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. சொல்லேன், சொல்லேன் என்று தெருவே அவள் வாயைப் பார்த்தது. ராஜம்மாள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சௌந்திரம் மகளைப் பார்த்தாள். பெற்றவளை இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எங்கம்மா இருக்காங்க. நான் பாக்கறதில்லைங்க. இவங்க பாத்துட்டு வந்து சொல்றாங்க, நான் கேட்டுக்கறேன்."

"அம்மா எப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா?"

"மொகம் மறந்து போச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி அதையும் அப்படியே எழுதினார்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. மணியக்காரர் சாவடியில் நின்று வாசித்தார். மா சேன் என்கிற சௌந்திரத்துக்கு ஞாங்பின்னைப் பற்றிக் கேள்விஞானம் தவிர வேறு அறிவு இல்லை; வெண்ணந்தூரைப் பற்றி முழு அறிவும் இருக்கிறது; ஆகவே அவர் இந்நாட்டவர். கீழத்தெருவைச் சேர்ந்த அங்கம்மாள், தங்கமுத்து, கைலாசம் உள்ளிட்ட ஐம்பத்து மூன்று பேரும் ஞாங்பின்னில் தினப்படி புழங்கி வருவது அவர்கள் வாக்குமூலத்தாலேயே ருசுவாகிறது. ஆகவே அவர்கள் அன்னியர். இங்கே இருக்க ஆட்சேபணை இல்லை. வருஷம் ஒரு தரம் சேலம் வந்து பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். உள்ளூர்வாசி ஒருவர் அவர்களுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். வாசித்து முடித்ததும் கைலாசம் கேவிக் கேவி அழுதான். அங்கம்மாள் அட கடவுளே என்று கன்னத்தில் கைவைத்தவள், சற்று நேரம் கழித்து, என்னையப் போயி சீமைக்காரின்னுட்டாங்களே என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஜாமீன் தாளில் சௌந்திரம் ஐம்பத்து மூன்று முறை கைநாட்டு வைத்தாள். கட்டின புருஷனுக்கும் அவள்தான் ஜாமீன்.

அடுத்த வருஷம் சித்திரையில் பதிவு நாள் வந்தது. காலையில் கிளம்ப இருந்தவர்கள் தெருவில் பாவு நீட்ட வேண்டியிருந்ததால் மத்தியானத்துக்கு மேல் போகலாம் என்று விட்டார்கள். மத்தியானம் வந்ததும் வழக்கம்போலப் படுத்துவிட்டார்கள். ஒருவரையும் காணோமே என்று தண்டாயுதபாணியே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து கீழத்தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். ஒரு தறி அசையவில்லை. சௌந்திரம் மட்டும் கையில் குச்சியோடு தெருவில் நீட்டியிருந்த பாவுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்கேயம்மா?"

"எங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்க. மூணு மணிக்கு வந்துருவாங்க" என்றாள் அவள். சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அவருடைய பார்வை வீட்டுக்குள் தறிக்குழியோரம் தூங்கிக்கொண்டிருந்த கைலாசத்தின் பாதங்கள் மேல் இருந்தது. விரல்களுக்கு நடுவே ஈர வண்டல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சௌந்திரம் ஒரு பாயை எடுத்து வந்து அவருக்கு விரித்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க, சித்த படுங்க. இவங்க எல்லாம் சொல்றவங்க, ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது. நீங்க எழுதறவங்க. எங்கம்மா மொகத்தை ஒருக்கா நல்லாப் பாத்து, அப்படியே எழுதிட்டு வாங்க."

தண்டாயுதபாணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோடு போட்ட தாள் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பேனாவைச் செருகிக்கொண்டு படுத்தார். பஸ்ஸில் வந்த அலுப்பு, படுத்ததும் தூங்கிவிட்டார். பாவில் வாய் வைக்க வந்த ஆட்டைச் சௌந்திரம் விரட்டிவிட்டு, மூன்று மணி ஆகட்டும் என்று நிழலில் உட்கார்ந்தாள்.