சமம் கேட்ட ஞாயிறு

டாம் பலகை விளையாட்டில் எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. காயை முன்னே தள்ளுவேன், வெட்டுவேன், வெட்டுப்படுவேன், தேத்தண்ணி ஆறுவதற்குள் தோற்றுவிடுவேன். ஞாயிறு காலைகளில் இதுதான் நடக்கும். என்னைத் தோற்கடித்த கையோடு என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மூர்த்தி அண்ணை கொழும்புக்குப் போனில் கோல் எடுப்பார். அங்கே ஒரு லொட்ஜில் அவருடைய மனைவியும் மகள் கஜனியும் கனடா விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

அன்று விடியப்புறம், அவர் இரவு வேலையால் வருமுன், அவருடைய தங்கை யோகமலர் என்னைப் போனில் கூப்பிட்டாள். கஜனி காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளை.

"நான் வந்து சொல்லுறன், சீமோன். உதை இரத்த உறவுதான் சொல்லோணும். அதுவரைக்கும் அண்ணையைக் கோல் எடுக்க விடாதை. போனை எடுக்கிற லொட்ஜ்க்காரன்ரை வாயால அவர் கேக்கக்கூடாது."

அவள் நகரின் கிழக்குக் கோடியிலுள்ள ரூஜிலிருந்து எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டுக்கு பஸ் மாறி வரவேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போன் வயரைப் பிடுங்கினால் மனிதர் கீழே கடைப் போனுக்கு இறங்கிவிடுவார். ஆட்டத்தை இழுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக விளையாடினேன். ஒவ்வொரு காய்க்கும் பின்னால் இன்னொன்றை முட்டுக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"என்ன, இண்டைக்கு வாத்தியார் மாதிரி யோசிக்கிறாய்?"

அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. யோகமலர் மேல் கோபம் வந்தது, பஸ் மேல் கோபம் வந்தது, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ஒரு நல்ல டொக்டரிடம் காட்டாத லொட்ஜ்க்காரன் மேலும் வந்தது.

கடைசியில் பலகையில் எதிர்க்கரை தொட்டு ராசாவான காய் ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம். அவருடையது ஒரு மூலையில், என்னுடையது எதிர்மூலையில். இரண்டும் முன்னுக்கும் பின்னுக்குமாக நகர்ந்தன.

"சமம். விடு. பிள்ளை போனடியில நிப்பாள்" என்றார்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் சமம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"நான் ஒத்துக்கொள்ளேல்லை, அண்ணை."

"உதில என்ன இருக்கெண்டு இழுக்கிறாய்? ஆருக்கும் வெல்ல ஏலாது."

"வையுங்கோ."

வைத்தார். நானும் வைத்தேன். அவர் பலகையை விட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"நீ தோக்கப் பயந்த ஆளில்லை, சீமோன். என்னத்துக்கு என்னை இருத்தி வைச்சிருக்கிறாய்?"

நான் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய் ரிசீவரை எடுத்தார். அப்போது கீழே வாசலில் யாரோ பஸ்ஸரை அடித்தார்கள். நான் ஓடிப்போய் வாசல் கதவைத் திறக்கும் பொத்தானை அமத்தினேன்.

"ஆர்?" என்று அண்ணை கேட்டார்.

"யோகமலர்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை. அது அவருக்கும் தெரியும். ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோகாமலே திரும்ப வைத்தார்.

"மனுசியோ? பிள்ளையோ?"

சொல்ல வேண்டியவள் லிஃப்டில் வந்துகொண்டிருந்தாள். அவர் கதிரையில் வந்து இருந்து, ராசாவை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"உன்ரை முறை."

கதவு தட்டப்பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணை, சமமெண்டு விடுவம். காணும்."

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யோகமலர் மறுபடியும் தட்டினாள்.

"நான் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். "நீ வை."