மேடைக்குக் கிடைத்த தகரம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆடியில், இலங்கையின் நமுனுகுல மலையடியில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பறந்தது பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறைக்கு நான்தான் ஆயா. கூரை வளை மரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போடுவதும், பால் கரைப்பதும், மூக்குத் துடைப்பதும் என் வேலை. பாதிக் கூரை போனதும் எல்லாத் தொட்டில்களையும் மற்றப் பாதிக்குள் நெருக்கிக் கட்டினேன். மழைக்காலம் வந்தால் அங்கேயும் சாரல் அடிக்கும்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கேட்டேன். தோட்டத்து இரண்டு தொழிற்சங்கங்களில் ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது சண்டைக்கு வருமாம். இரண்டு தலைவர்களும் ஒன்றாக வந்து கேட்டால் அன்றைக்கே தகரம் தருவாராம். கணக்கப்பிள்ளை மூலமாக இப்படிச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

ஒரு சங்கத்துக்கு அற்புதராஜ் தலைவர், மற்றதற்கு அந்தோனி. இருவரும் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள், ஒரே மாதா கோயிலில் முழங்காலிடுகிறவர்கள். ஒன்றாகப் போய்க் கேளுங்கள் என்று இருவரிடமும் கெஞ்சினேன்.

"அவன்கூடயா? மொதல்ல அவன் மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார் அற்புதராஜ். அந்தோனியும் அதையேதான் சொன்னார். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒரே விஷயத்துக்கு. மேடை போட்டு, சனத்துக்கு முன்னால் வாதாடுவது. பிள்ளைக்காம்பராக் கூரை பறந்ததற்கு எந்தச் சங்கம் பொறுப்பு என்பது தலைப்பு.

நானும் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. முகத்துக்கு நேரே பேசினால் மனத்தில் உள்ளது வெளியே வரும், வந்தால் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து ஸலீம் நானா மைக் செட்டைக் கொண்டுவந்து கட்டினார். சனம் திரண்டது. துரைக்கு முன் வரிசையில் பிரம்பு நாற்காலி.

"துரை பங்களாவுக்குப் பின்வாசலால கோழி கொண்டு போனது யாருன்னு சொல்லட்டுமா?" என்று அந்தோனி தொடங்கினார்.

"ஒங்க மச்சான் எப்பிடிக் கங்காணி ஆனான்னு நான் சொல்லட்டுமா?" என்றார் அற்புதராஜ்.

விசில் காதைப் பிளந்தது. இருட்டும் வரை வாய் கிழியப் பேசினார்கள். கூரை என்ற சொல் நாலைந்து தரம் வந்தது, பிள்ளை என்ற சொல் வரவே இல்லை. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். "பொம்பளைங்க அப்புறம் பேசலாம்" என்று மைக்கிலேயே சொல்லி உட்கார வைத்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். துரை தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பிள்ளைகளைக் கொண்டுவந்த தாய்மாரும் இரண்டு கட்சியாக வந்தார்கள். அற்புதராஜ் சங்கத்துப் பாக்கியலெட்சுமி, "எங்களக் கோழி கொண்டு போனவங்கன்னு சொன்னாங்கள்ல, அவங்க புள்ள பக்கத்துல எம் புள்ளையக் கட்டாதீங்க ஆயாம்மா" என்றாள். மற்றக் கட்சிக்காரிகள், நனையாத சுவரோரம் தங்களுக்குத்தான் என்றார்கள். அந்தச் சண்டையில் பாக்கியலெட்சுமியின் தொட்டில் வெளி ஓரத்துக்குப் போயிற்று. ஐப்பசியின் முதல் சாரலிலேயே பிள்ளைக்குச் சளி கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவந்தாள். அப்போதும் நெஞ்சு கரகரவென்றுதான் இருந்தது. இன்னொரு தரம் நனைந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிள்ளை திரும்பி வந்த அதே வாரம், யார் வென்றது என்று முடிவாகாததால் இன்னொரு வாதம் என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை, வேலை விட்ட பிறகு. மழையில் மைக் செட் நனையும், மேல் மூடாத மேடைக்கு வரமாட்டேன் என்று ஸலீம் நானா சொல்லிவிட்டார்.

என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு தலைவர்களும் ஒன்றாகத் துரையிடம் போனார்கள். மேடைக்குத் தகரம் கேட்டார்கள். துரையும் அன்றைக்கே கொடுத்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, பார்த்து வா, கல் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பிள்ளைக்காம்பரா வாசலைத் தாண்டிப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. தாய்மார் மலைக்குப் போனதும் பிள்ளைகளை நனையாமல் கம்பளியால் மூடி, ஒவ்வொருவராக மேடைக்குத் தூக்கிப் போனேன். புதுத் தகரத்தின் கீழ், குறுக்கு மரங்களில் எல்லாத் தொட்டில்களையும் கட்டினேன். எந்தச் சங்கத்துப் பிள்ளை என்று பார்க்கவில்லை. பாக்கியலெட்சுமியின் பிள்ளையை நட்ட நடுவில், மைக் வைக்கும் இடத்தில் கட்டினேன்.

வேலை விட்டுத் தாய்மார் அங்கேயே வந்தார்கள். மழை கொட்டியதால் யாரும் பிள்ளையை இறக்கவில்லை. மைக்கோடு வந்த ஸலீம் நானா, "இத எங்க தங்கச்சி வைக்கிற?" என்று முழித்தார். பின்னாலேயே தலைவர்கள்.

"என்ன அநியாயம் இது? எறக்குங்க எல்லாத்தையும்!" என்று அற்புதராஜ் கத்தினார். ஒரு தொட்டில் சிணுங்கியது.

"சத்தம் போடாதீங்கண்ணே, இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றாள் பாக்கியலெட்சுமி. அவர் சங்கத்துக்காரியேதான். அந்தோனி தொண்டையைச் செருமினார். அவர் சங்கத்துப் பெண்கள் விரலை உதட்டில் வைத்து அவரை முறைத்தார்கள்.

இரண்டு பேரும் மேடை ஓரத்தில் ஒண்டி நின்று கிசுகிசுத்தார்கள். கோழியும் கங்காணி மச்சானும் அதிலும் வந்தார்கள். ஆனால் கிசுகிசுத்துத் திட்டினால் விசிலடிக்க ஆள் ஏது? சீக்கிரமே அலுத்துப்போனார்கள். அற்புதராஜ் தொட்டில்களைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்.

"ஏணி ஒங்கிட்ட இருக்கா?" என்றார் அற்புதராஜ்.

"இருக்கு. ஆணி?"

"இந்தத் தகரத்து ஆணியே போதும்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பூசை முடிந்ததும் மேடைத் தகரத்தைக் கழற்றிப் பிள்ளைக்காம்பராவில் அடித்தார்கள். அந்தோனி ஏணியிலிருந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டே, "இப்ப சந்தோஷமா ஆயாம்மா?" என்று கேட்டார். நான் நன்றி சொல்வேன் என்று இருவரும் நின்றார்கள்.

"ஒண்ணாப் போய்க் கேக்கத் தெரியாதவங்கன்னுதானே இத்தன நாளாப் பொறுத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "மேடைக்குக் கேக்க மட்டும் தெரிஞ்சிருக்கே!"

உள்ளே பாக்கியலெட்சுமியின் பிள்ளை இருமியது. இருவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிராமல் போனார்கள்.