ஏழு சாவி

நிம்மதியின் விலை ஆளுக்கு இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். காலைச் சாப்பாடு உட்பட. ஹட்டனில் டிக்கட் போடும் பெண் பளபளத்த தாளை நீட்டி, "கவலையே இல்லாத அஞ்சு நாள், சேர், பேங்கொக்ல" என்றாள். அக்கா பிரியந்தினியின் கணவர் சிவகரன், என் அத்தான், அந்த நிம்மதியை முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். காசு இறங்கவில்லை. கழுத்துத் தலையணை இரண்டை இலவசமாகப் பிடுங்கிக்கொண்டுதான் எழுந்தார். பிரஷர் கூடியிருக்கிறது, எங்காவது போய் ஓய்வாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தப் பயணமே. அந்த முக்கால் மணி நேரத்தில் இன்னும் பத்துப் புள்ளி கூடியிருக்கும்.

அத்தானுக்குத் தலவாக்கலையில் புடவைக்கடை. கவலையும் கடைச்சரக்கு மாதிரிதான். அழிக்க முடியாது, யார் தலையிலாவது கட்டலாம். அதில் அவர் கெட்டிக்காரர். வீட்டு நாயைப் பார்த்துக்கொள்வதை என் தலையில் கட்டினார். விமான நிலையத்துக்கு வான் ஓட்டுவதையும் கட்டினார். "குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு விஜி?" என்றார். டீசல் அடிக்கும்போது மட்டும்தான் நாங்கள் குடும்பம். மிச்சத்தையெல்லாம் மொத்தமாகச் செல்லசாமி மீது இறக்கினார்.

செல்லசாமி லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் துணி கிழிக்கிறவர். அத்தான் இடுப்பை விட்டு இறங்காத சாவிக் கொத்து ஒன்று உண்டு. ஷட்டருக்கு இரண்டு, பின்கதவுக்கு ஒன்று, அலமாரிகளுக்கு இரண்டு, மாடிக்கு ஒன்று, மேசையில் காசு போடும் லாச்சிக்கு ஒன்று. ஏழு சாவியையும் ஐந்து நாளைக்குச் செல்லசாமியிடம் கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், ஏதோ சொத்தையே எழுதி வைக்கிற மாதிரி.

இடையில் ஒரு சிக்கல். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் செல்லசாமியின் மகள் பிரேமினிக்கு நிச்சயம். ஞாயிறும் திங்களும் லீவு வேண்டுமென்று அவர் எப்போதோ கேட்டு, அத்தானும் தலையாட்டி வைத்திருந்தார். டிக்கட் போட்டபிறகு தலை வேறு பக்கம் ஆடியது.

"அடுத்த மாசம் வச்சுக்கிட்டா என்ன, செல்லசாமி? பொண்ணு எங்க ஓடிறப் போவுது?"

"மாப்பிள்ள செவ்வாக்கெழம டோஹாவுக்குத் திரும்புறாரு மொதலாளி. இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான். இப்ப மாத்துனா, பொண்ணுக்கு என்னமோ கொறன்னு ராகலையில அவங்க ஆளுங்க பேச ஆரம்பிச்சிருவாங்க."

"அப்ப நடத்துங்க, யாரு வேணாங்குறா? நீ கடையில இருந்தே போன்ல வீடியோவுல பாரு. நானும் பேங்கொக்ல இருந்து பாக்குறேன்."

தாராள மனசு. மகளின் நிச்சயத்தில் தகப்பனும் முதலாளியும் ஒரே அந்தஸ்து. செல்லசாமி கையிலிருந்த துணியை மடித்ததையே மறுபடி மடித்தார்.

வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். விமானம் இரவில்தான். இருந்தாலும் காலையிலேயே அத்தான் ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றார். காரணம், போணி. காலையில் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அனுப்பினால் யாவாரம் படுத்துவிடும் என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம். பேரம் பேசத் தெரிந்த யாரும் ஊரில் அதை அறியாமல் இல்லை. இந்த முறை அத்தான் அதைக் கொஞ்சம் இழுத்து நீட்டியிருந்தார்: இன்றைய போணி ஐந்து நாளுக்கும் சேர்த்து. பயணத்துக்கும் சேர்த்து. இதையும் அவரே கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிப் படியேறியது நாகலெட்சுமி, செல்லசாமியின் மனைவி.

"வா நாகலெட்சுமி. என்ன வேணும்?"

"நிச்சயத்துக்குச் சேல, மொதலாளி."

அரக்கு நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். அத்தான் ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொன்னார். அவள் ஏழாயிரம் கேட்பாள், எட்டில் நிற்கும் என்று நான் மனசுக்குள் போட்டு வைத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறையும் மேசையில் வைத்தாள்.

"கொறைக்க வேணாம். அந்த ரெண்டு நாள் லீவையும் இதோட சேத்து மடிச்சுக் குடுங்க."

அத்தான் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. செல்லசாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூசியே இல்லாத அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வெளையாட்டா இது?"

"வெளையாட்டுன்னா விடுங்க மொதலாளி. ரோட்டுல மேல இருக்குற புடவக்கடையும் தொறந்துட்டாங்க." காசை எடுத்து முடிந்துகொண்டு ஒரு படி இறங்கினாள்.

"ஏய், நில்லு! ஞாயித்துக்கெழம மட்டும்."

"ரெண்டு நாளு."

"திங்கக்கெழம மத்தியானத்துக்கு மேல வரட்டும்."

"நான் காசுல ஒரு ரூவா கொறைச்சனா?" இன்னொரு படி. கால் தெருவைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

வாசலில் நின்ற வானிலிருந்து அக்கா கத்தினாள். "என்னங்க, குடுத்துத் தொலைங்க! பேங்கொக்கப் பாக்கணும் நானு!"

நான் யாவாரிகள் மத்தியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு நல்ல பேரத்துக்குக் குறுக்கே நிற்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"சரி," என்றார் அத்தான். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றி லாச்சியில் போட்டார். அத்தனை சோகமாக ஒருவர் காசைக் கண்ணில் ஒற்றி நான் பார்த்ததில்லை.

"பில்லுப் போடுங்க," என்றாள் நாகலெட்சுமி புருஷனிடம். செல்லசாமி பில்லைக் கிழித்து நீட்டிவிட்டு, "சாவி, மொதலாளி?" என்று கையை நீட்டினார். அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். "விஜிகிட்ட குடுத்தனுப்புறேன்."

கினிகத்தேனை வருவதற்குள் அக்கா தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். வளைவுகளில் சாவிக் கொத்து மட்டும் கிலுங்கியது.

"விஜி, அந்த ரெண்டு நாளு நீ வந்து கடையில குந்துறியா?"

"எனக்கு நாய் இருக்கு அத்தான்."

கித்துல்கலை தாண்டியதும் ஞாயிறும் திங்களும் கடையை மூடுவதென்று முடிவு செய்தார். அவிசாவளையில் மனசு மாறினார். கட்டுநாயக்கவுக்குக் கிட்ட வந்தபோது, பூட்டிக் கிடந்தால் யாரோ செத்துவிட்டதாக ஊர் நினைக்குமோ என்று கேட்டார். உயிரோடு இருப்பதை வீடியோவில் காட்டலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கியபின் ரொம்ப நேரம் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கொத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார்.

"செல்லசாமிகிட்ட குடுத்துரு. எண்ண வேணாம், எல்லாம் இருக்கு."

யாவாரி வீட்டுப் பையனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவர் திரும்பியதும் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வரவேண்டியது ஏழு. வந்தது ஆறு. பாக்கி ஒன்று, கழுத்தில் இலவசத் தலையணையும் காற்சட்டைப் பைக்குள் இறுக்கி மூடிய கையுமாக, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.