அரைப் புள்ளி

எங்கள் கட்டடத்தின் சமையல்கட்டில் ஏழு பல்புகள் தொங்குகின்றன. ஒரே அறை, ஏழு குடும்பம், ஏழு அடுப்பு. ஒவ்வொரு பல்புக்கும் சுவிட்ச் அந்தந்தக் குடும்பத்தின் அறைக்குள் இருக்கிறது. மூன்றாம் மாடியில் நான் என் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கி வந்தால், என் அடுப்புக்கு மேலே என் பல்பு மட்டும் எரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள் சிரிப்பார்கள். இந்தச் சின்ன அறைக்கு ஒரு பல்பு போதாதா என்பார்கள். நான் பொறுமையாகச் சொல்வேன். ஒரு பல்பு என்றால் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் என்றால் யார் அதிக நேரம் மீன் பொரித்தார்கள் என்று மாதாமாதம் சண்டை. இப்போது என் பல்பு எரிந்தால் என் மீட்டர் ஓடும். பக்கத்து வீட்டுப் பல்பின் வெளிச்சம் என் சட்டிக்குள் விழுந்தால் அது இனாம். இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் நாங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

எங்கள் உடைக்கும் இதே போல ஒரு ஏற்பாடு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

ஷாங்காயில் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளும் குளிர்தான். சூடேற்றும் குழாய் எல்லாம் வடக்கே இருக்கிற ஊர்களுக்கு. அதனால் நாங்கள் பஞ்சு வைத்துத் தைத்த இரவு உடை போடுகிறோம். மெத்தையை வெட்டிச் சட்டையும் கால்சட்டையுமாகத் தைத்தது போல இருக்கும். பெயர்தான் இரவு உடை. அதைப் போட்டுக்கொண்டு யாரும் தூங்குவதில்லை. தூங்குவதற்கு உள்ளே மெல்லிய உடுப்பு இருக்கிறது. கட்டிலைத் தொடுவது அது மட்டும். பேருந்தையும் அலுவலகத்தையும் தொடுவது வெளியுடுப்பு. நடுவில் இருப்பதுதான் இந்தப் பூப்போட்ட பஞ்சு உடை. அது வீட்டுக்கும் சமையல்கட்டுக்கும் சந்துக்கும் உரியது. சந்து எங்களுக்கு வெளியே அல்ல. குழாயடி சந்தில், துணிக்கொடி சந்தில், என் திருமணப் பந்தியே சந்தில்தான் நடந்தது.

என் மகள் யாயாவின் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் இந்தச் சந்துக்குள்தான் திறக்கிறது. அதாவது அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போக நான் சந்தைத் தாண்டவே வேண்டியதில்லை. பேருந்துப் பணிமனையில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் பஞ்சு உடையிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன். எல்லாரும் அப்படித்தான். இரவு டாக்ஸி ஓட்டிவிட்டு வரும் தாவ் அண்ணன், கோடு போட்ட இரவு உடைக்குக் கீழே பளபளவென்று மெருகேற்றிய தோல் ஷூ மாட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முடிந்து வரும் வசந்தத்தில் நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடக்கவிருந்தது. ஊரெல்லாம் சாயம் பூசினார்கள். பூசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

குடியிருப்போர் குழுவின் கூ அக்கா சிவப்புக் கைப்பட்டையோடு பின்வாசலில் நின்றார். இரவு உடை வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு சுவரொட்டி வேறு.

"சூஜென், நாளையிலேர்ந்து நல்ல துணி போட்டுட்டு வா. வெள்ளக்காரங்க வரப்போறாங்க, பாத்தா என்ன நெனப்பாங்க?"

"வெள்ளக்காரன் எதுக்குக்கா எங்க சந்துக்கு வர்றான்? கக்கூஸ் தேடிக்கிட்டா?"

தாவ் அண்ணன் சிரித்தார். "வரட்டுமே. என் ஷூவப் பாத்துட்டு அவன் மெரண்டுடுவான்."

நாங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடம் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் புள்ளி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். திங்கட்கிழமை ஒவ்வொரு வகுப்புக்கும் நூறு புள்ளி. நகம் வெட்டாத பிள்ளைக்குக் கொஞ்சம், வரிசையில் பேசியதற்குக் கொஞ்சம் என்று வாரம் முழுக்கக் கழிப்பார்கள். வெள்ளிக்கிழமை அதிகம் மிச்சம் வைத்திருக்கிற வகுப்பின் கதவில் சிவப்புக் கொடி தொங்கும். எத்தனை முறை கொடி தொங்கியதோ அதற்கேற்ப அந்த ஆசிரியைக்கு வருஷக் கடைசியில் மதிப்பு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தோளில் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று குறிப்பார்கள். கயிறு, கப்பி, எடை, எல்லாம் ஒழுங்காக மாட்டிய ஒரு யந்திரம். அதில் இப்போது ஒரு புதுப் பல்சக்கரம் சேர்த்தார்கள். பெற்றோர் இரவு உடையில் வந்தால் அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு அரைப் புள்ளி கழியும்.

எனக்கு அது தெரியவில்லை. யாயா சொன்னபோதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றாள். இரண்டாம் வகுப்பு. அந்த மாதம் அவர்களைச் சிறுவர் படையில் சேர்த்துச் சிவப்புக் கழுத்துத்துணி கட்டப்போகிறார்கள். முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரிப்பார்கள். முதல் அணி என்றால் சிறந்த பிள்ளைகள், அவர்களுக்குத்தான் முதலில் கட்டுவார்கள். கண்ணாடி முன்னால் என் சமையல் துண்டைக் கழுத்தில் கட்டி முடிச்சுப் பழகிக்கொண்டே இருந்தவள்.

"அம்மா, கொடி போயிடுச்சு. அரைப் புள்ளிலதான் போச்சு. ஷென் டீச்சர் எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. யாயாவோட அம்மா நைட் டிரஸ்னு."

"எல்லார் முன்னாடியுமா?"

"ம். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இன்னொரு தடவ கழிஞ்சா நான் ரெண்டாவது அணியாம்."

என் கையில் கரண்டி இருந்தது. அதை அடுப்பின் மேல் வைத்த சத்தம் கேட்டு மற்ற ஆறு பல்புக்காரர்களும் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் முழுக்கப் பணிமனைச் சீருடையைப் போட்டுக்கொண்டு போனேன். மெல்லிய துணி, எலும்புக்குள் குளிர் இறங்கும். போய், விட்டுவிட்டு, வந்து, மறுபடி பஞ்சு உடைக்கு மாறி, மதியம் மறுபடி சீருடை. "என்னம்மா சூஜென், பஸ்ஸு நம்ம சந்துக்குள்ளயே வந்துடுச்சா?" என்றார் தாவ் அண்ணன். அவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு, கழுத்துத்துணி கட்டி வருஷமாகிறது. அவருக்குச் சிரிப்பு வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். யாயா என் சீருடைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சரி என்று தலையாட்டுவாள்.

மாவட்டத்திலிருந்து பள்ளியைச் சோதிக்கப் பார்வையாளர்கள் வரும் நாளில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஷென் டீச்சர். "யாயா அம்மா, கொழந்தைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ரெண்டு தடவ வாந்தி. ஒடனே வாங்க."

சமையல்கட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே ஓடினேன். பின்வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். நடுவில் கூ அக்கா, கணுக்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு, கையில் சிவப்புப் பட்டை.

"நில்லு! இன்னிக்குன்னு பாத்தா இப்படி வருவ?"

"கொழந்தைக்குக் காய்ச்சல், வழி விடுங்க."

"மாத்திட்டு வா. ரெண்டு நிமிஷம். உள்ள ஃபோட்டோ எடுத்துட்டு இருக்காங்க."

"மூணு மாடி ஏறி எறங்கணும்கா!"

"ஏறு. யாரு வேணாங்குறா? ஒன் புள்ளைக்குத்தான் புள்ளி கழியும், எனக்கென்ன?"

நான் திரும்பினேன். ஆமாம், திரும்பினேன், ஏறி மாற்றிக்கொண்டு வரலாம் என்று கால் நான்கு எட்டு வைத்துவிட்டது. பிள்ளை உள்ளே வாந்தியெடுக்கிறாள், நான் சட்டை மாற்ற ஓடுகிறேன். என்னை அப்படி ஓட வைத்தது எதுவோ அதன் மேல் வந்த கோபத்தில் திரும்பி வந்து கூ அக்காவின் கோட்டைப் பிடித்தேன்.

"இதக் குடுங்க. இதப் போட்டுக்கிட்டா மறைஞ்சிடும்ல? அஞ்சு நிமிஷத்துல தர்றேன்."

அவர் இரண்டு கையாலும் கழுத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "ஐயய்யோ, கோட்டத் தர முடியாது."

"ஏன்?"

"குளுருது!"

குளிருக்குப் பயந்து ஒருவர் அப்படிப் பொத்தானைப் பிடிப்பதில்லை. நானே பொத்தான்களைக் கழற்றினேன். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. உள்ளே மஞ்சள் வாத்துகள். கொழுத்த மஞ்சள் வாத்துகள் நீந்தும் பஞ்சு உடை, கால்சட்டை நுனியைப் பூட்சுக்குள் செருகியிருந்தார். பூந்தொட்டி அடுக்க விடியற்காலையில் எழுந்தவர், எங்களைப் போலத்தான், மேலே கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் குளிர்காலத்தைத் தாண்டுகிறோம்.

குழாயடியிலிருந்த தாவ் அண்ணன் வாயிலிருந்த பல்பொடித் தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டார்.

கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கைப்பட்டை கோட்டின் கையோடு தைத்திருந்தது, அதை யோசிக்கவில்லை. முற்றத்து வாசலில் புதுக் காவலாளி கைப்பட்டையைப் பார்த்ததும் விறைப்பாக நின்று கதவைத் திறந்துவிட்டான். காரணம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை.

மருந்தறையில் கிருமி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். யாயா பெஞ்சில் சுருண்டு பல் தந்தியடிக்கக் கிடந்தாள். ஷென் டீச்சர் வெந்நீர்க் கோப்பையோடு பக்கத்தில் இருந்தார். யாயா கண்ணைத் திறந்தாள். தலை வலிக்குது என்று சொல்லவில்லை, அம்மா என்று அழவில்லை. கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாத்திட்டு வந்தியாம்மா?"

நான் கோட்டைக் கழற்றினேன்.

"வேணாம்மா, கழட்டாத! ஆளுங்க இருக்காங்க, கழட்டாத..."

அவளைக் கோட்டுக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டேன். முட்டைக்கோஸ் துணுக்கு ஒட்டிய இளஞ்சிவப்புப் பூ உடையில் முற்றத்தின் நடுவே நடந்தேன். பார்வையாளர்கள் திரும்பினார்கள். ஒருவர் கேமராவைப் பாதி உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"எடுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? பூவெல்லாம் தெளிவா விழுற மாதிரி எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. தோளில் பட்டை போட்ட நான்காம் வகுப்புப் பெண் மட்டும் தலையைக் குனிந்து எழுதினாள்.

வாசலில் கூ அக்கா காவலாளிக் கூண்டுக்குள் பதுங்கியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் தெரிந்தன.

"என் கோட்டு!"

"அதுக்குள்ள கொழந்த இருக்கு. வீட்டுக்கு வந்து வாங்கிக்குங்க."

"இப்படியே எப்படிடீ தெருவுல நடக்குறது?"

"தெருவா? நம்ம சந்துதானேக்கா. இத்தன வருஷம் எப்படி நடந்தீங்களோ அப்படி நடங்க."

அன்று மாலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் யாயா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"கூ பாட்டியும் நைட் டிரஸ்தானே போட்டிருந்தாங்க? அவங்களுக்கு எந்த வகுப்புல கழிப்பாங்க?"

எதைக் கேட்டாலும் அவளுக்கு விளக்கிச் சொல்கிறவள் நான். டிராலி பஸ் கம்பியிலிருந்து மின்சாரம் எப்படி இறங்குகிறது, கஞ்சி ஏன் பொங்குகிறது, எல்லாம். இதற்கு நான் போர்வையை அவள் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஷென் டீச்சரிடமே போய்க் கேட்டேன். சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. யாயாவின் பெயர் இரண்டாம் அணியில்.

"பெரியவங்களுக்கு ஏது புள்ளி, யாயா அம்மா?" என்றார்.

"நான் யாரு, சின்னப் புள்ளையா? துணி போட்டவ நான். நிக்க வெச்சது அவளை. எங்க சமையல்கட்டுல வந்து பாருங்க டீச்சர். ஏழு பல்பு. என் பல்பு எரிஞ்சா என் மீட்டர் ஓடும். படிக்காதவங்க பண்ணின ஏற்பாடு. இங்க என் பல்பு எரியுது, ஏழு வயசுக் கொழந்த மீட்டர்ல ஓட விடுறீங்க. எனக்கு அபராதம் போடுங்க, என்னத் திட்டுங்க, என் பேர சுவத்துல ஒட்டுங்க. அவளத் தொடாதீங்க!"

அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண் கலங்கிவிட்டது. "எனக்குப் புரியுது. ஆனா அந்தத் தாள்ல கழிக்கிற கட்டம் மட்டும்தான் இருக்கு. திரும்பச் சேர்க்கக் கட்டமே இல்ல. ரெண்டாவது அணிக்கும் அதே துணிதான், வசந்தத்துல கட்டுவோம்."

பின்னால் சுற்றாத சக்கரம். எந்த மடையன் அப்படி ஒரு யந்திரம் செய்வான்? செய்திருக்கிறார்கள், நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை நான் சீருடையை எடுத்தேன். யாயா அதை வாங்கி ஆணியில் திரும்ப மாட்டினாள்.

"வேணாம்மா. நான் தனியாப் போறேன். நீ வரலைன்னா எதக் கழிப்பாங்க?"

என் மகள்தான். யந்திரத்தில் விரல் நுழையும் இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டாள். தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பள்ளிக்கூடத்தைச் செங்கல் செங்கலாகப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

குழாயடி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசல் தெரிகிற இடத்தில் விரலை உருவிக்கொண்டாள். அங்கே கூ அக்கா மடிப்புக் கலையாத மெல்லிய வெளிக் கால்சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றார். யாயா பூந்தொட்டிகளைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பார்த்தால் நான் அவளுடைய அம்மா என்று யாராவது எழுதிவிடுவார்களே.

"இந்தாம்மா, உள்ள போ, குளுருது," என்றார் தாவ் அண்ணன். அன்று அவர்கூடச் சிரிக்கவில்லை.

பஞ்சு உடையில் குளிரவில்லை. அவள் விட்டுப்போன கை மட்டும் முஷ்டியாக இறுகி இருந்தது. அப்படியே நின்றேன், மணி அடிக்கும் வரை.