கரடி சாப்பிடும் நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரு கரடியால் வந்த வினை.

சித்தேரி மலையில் பாழுங்கிணற்றுக்குள் விழுந்து கிடந்த பெட்டைக் கரடியை வலைபோட்டுத் தூக்கி, பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரம் இருந்த சின்ன மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுவந்தவர்களில் அங்கே மிருகங்களுக்குத் தீனி வைக்கும் அவனும் ஒருவன். லாரியில் கூண்டை ஒட்டி உட்கார்ந்து, "ஒண்ணும் ஆவாது தாயி, நான் இருக்கறேன்" என்று வழியெல்லாம் ஆறுதல் சொன்னான். வந்து சேர்ந்து நாலு நாளாகியும் கரடி தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

தர்மன் செய்யாத உபசாரம் இல்லை. வெல்லம் கரைத்த ராகிக்கூழ், வாழைப்பழம், பலாச்சுளை என்று மாற்றி மாற்றி வைத்தான். வைத்துவிட்டுக் கம்பியில் முகத்தைப் பதித்து, வாய் வைக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தான். ராத்திரியும் வீட்டுக்குப் போகாமல் கூண்டுக்கு எதிரிலேயே கட்டிலைப் போட்டு, தூக்கம் கலையும்போதெல்லாம் லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கூழ் அப்படியே இருக்கும்.

"நாளைக்கும் வயித்துல ஒண்ணும் எறங்கலைன்னா ஆசையை விட்டுடு தர்மா" என்று மாட்டு டாக்டர் சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? காவேரியில் குளிக்கப் போகிறவர்கள் எல்லாம் வழியில் இறங்கிவிடுவார்கள். நம் ஜனங்களுக்குப் படுத்திருக்கும் மிருகத்தைக் கண்டால் பொறுக்காது. எழுந்து நடந்து காட்டினால்தான் வந்ததற்குப் பலன். 'கூண்டைத் தட்டாதீர்கள்' என்று எழுதிய பலகைமேல் சாய்ந்துகொண்டே கூண்டைத் தட்டினார்கள். கடலைத் தோலை வீசினார்கள். அதியமான்கோட்டையிலிருந்து வந்த கிருஷ்ணப்பன் என்ற விதை வியாபாரி, குடையைக் கம்பிக்குள் விட்டு, "எழுந்திரு, ஆடு பாக்கலாம்" என்று கரடியைக் கூப்பிட்டார். கரடி மூலையில் இன்னும் சுருண்டது. "குத்தாதீங்க சாமி" என்று தர்மன் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

உச்சி வேளையில் அவன் கூழ் ஊற்றிய வட்டைச் சட்டியை உள்ளே தள்ளினான். கரடி தின்பதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

அப்போதுதான் அஸ்கரி பேகம் வந்தார். பென்னாகரத்து ஜவுளிக்கடை அப்துல் கனியின் மனைவி. புது மருமகள் குல்ஷனுக்கு ஊர் காட்டக் கிளம்பியவர். கல்யாண விருந்துகளில் பந்தி நடத்திப் பழகிய குரல் அவருக்கு.

"குல்ஷன், இந்தப் பக்கம் திரும்பு. சாப்பாடு வெச்சிருக்காங்க."

"அதுக்கு என்ன மாமி?"

"சாப்பிடறவங்க வாயைப் பாப்பாங்களா யாராச்சும்? கண்ணு பட்டுடும்." சொல்லிவிட்டு அவரும் கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கிருஷ்ணப்பன் சிரித்தார். "கரடிக்குமாங்க கண்ணு படும்?"

"வயிறு இருக்கில்லீங்க? வயிறு இருந்தா படும். உங்க வூட்டுல நீங்க எலையில உக்காந்திருக்கறப்ப, இத்தனை பேரு சுத்தி நின்னு குடையால குத்துனா உங்களுக்கு எறங்குமா?"

குடை மெல்ல வெளியே வந்தது. தர்மனுக்குத் துணிச்சல் பிறந்தது. "வந்ததுலேர்ந்து ஒரு வாய் திங்கலீங்கம்மா. இன்னைக்கும் திங்கலைன்னா பொழைக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க" என்றான்.

கூட்டம் கம்பியை விட்டுப் பின்வாங்கியது. கரடி செத்து, இன்னார் கண்தான் பட்டது என்று பேச்சு வந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? முதலில் பெண்கள் திரும்பினார்கள். அப்புறம் ஆண்கள். கடைசியாகக் கிருஷ்ணப்பனும் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். கரடி பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் புங்கமரத்தைப் பார்த்து நின்றார்கள்.

பேகம் ஓரக்கண்ணால் தர்மனைப் பார்த்தார். "நீங்க ஏன் திரும்பலை?"

"நான் இதை வளக்கறவனுங்கம்மா. பாசத்துல பாக்கறேன்."

"பாசமா பாத்தாலும் கண்ணு கண்ணுதாங்க. திரும்புங்க."

தர்மனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் தன் பார்வை படாமல் அதற்கு ஒரு வேளைகூட வாய்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினான். அதைவிடக் கஷ்டமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை.

ஒரு குழந்தை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு சிமெண்டுத் தரையில் நகம் உரசியது. மோப்பம் பிடிக்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. அதன் பிறகு, 'சளப்'.

தர்மன் இமைக்கவில்லை. 'சளப், சளப்' என்று சத்தம் வேகம் பிடித்தது. கண்ணீர் தாடைவரை வழிந்தது. கையைத் தூக்கினால் கரடி நிறுத்திவிடுமோ என்ற பயத்தில் துடைக்காமல் விட்டான். வட்டை தரையில் இழுபட்டு உருண்டது.

"தீந்துடுச்சுங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நானும் உங்களாட்டந்தானே நிக்கறேன்" என்றார் பேகம். கூட்டம் முழுவதும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தது.

தர்மன் அந்தப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தான். இத்தனை நாளும் எங்கோ போயிருந்த பசி திடீரென்று வந்து குடலைப் பிடுங்கியது. தூக்குப் போசியைத் திறந்து களியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவன், நிமிர்ந்து பார்த்தான். கரடி தின்பதைப் பார்க்கக் கிடைக்காத கூட்டம் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நடங்க, நடங்க" என்று பேகம் எல்லோரையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "அவரும் ஒரு வாய் சாப்பிடட்டும்."